இரோக்வா மக்களின் உணவு, வயல், வேட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரோக்வா என்பவர்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

'இரோக்வா' என்பது பிரெஞ்சுக்காரர்கள் வழியாக வந்து ஒட்டிக்கொண்ட பெயர். அவர்கள் தங்களை ஹோடெனோஷோனி என்கிறார்கள்; 'நீளவீட்டு மக்கள்' என்று பொருள் (நீளவீடு என்பது பல குடும்பங்கள் ஒன்றாக வாழும் நீண்ட வீடு). மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனிகா என ஐந்து தேசங்கள் சேர்ந்து அமைத்த கூட்டமைப்பு அது. 1722 வாக்கில் தெற்கேயிருந்து வந்த டஸ்கரோரா மக்களையும் சேர்த்துக்கொண்டு ஆறானது.

பூர்வீக நிலம் இன்றைய நியூயார்க் மாநிலத்தின் உள்நாட்டுப் பகுதி. கிழக்கே மோஹாக் ஆறு, மேற்கே ஜெனிசீ ஆறு, நடுவில் கைவிரல்களை விரித்து வைத்தது போல நீள நீளமாகக் கிடக்கும் ஏரிகள். வானுயர் கட்டடங்கள் உள்ள நியூயார்க் நகரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது வேறு மக்களின் நிலம். இன்றைக்கு இவர்கள் அதே மாநிலத்திலும், விஸ்கான்சினிலும், கனடாவின் ஒன்டாரியோ, கியூபெக் மாகாணங்களிலும் வாழ்கிறார்கள். கீழே பல இடங்களில் 'செய்தார்கள்' என்று எழுதியிருப்பது பழைய வழக்கத்தைச் சொல்வதால்தான். மக்களும் இருக்கிறார்கள், அந்த வழக்கங்களில் பலவும் இருக்கின்றன.

செவ்விந்தியர் என்றால் வில்லோடு அலையும் வேடர்கள்தானே? இவர்களுக்கு ஏது வயல்?

அந்தப் படம் சினிமா கொடுத்தது. இறகுத் தலைப்பாகை, குதிரை, காட்டெருமை எல்லாம் மேற்கே உள்ள பெருஞ்சமவெளி மக்களுடையவை. இரோக்வா மக்கள் முதலில் விவசாயிகள், அப்புறம்தான் வேடர்கள். வயிற்றை நிரப்பியதில் பெரும்பங்கு மக்காச்சோளத்துடையது. ஐரோப்பியப் படைகள் இவர்களை அடக்க வந்தபோது முதலில் தேடியது வயல்களைத்தான். அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

'மூன்று சகோதரிகள்' என்கிறார்களே, அது என்ன?

மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி. மூன்றையும் ஒரே குழியில், அல்லது சரியாகச் சொன்னால் ஒரே மேட்டில், வளர்க்கும் முறை. செனிகா மொழியில் இந்த மூன்றுக்கும் சேர்த்து உள்ள பெயருக்கு 'நம்மைத் தாங்குபவர்கள்' என்று பொருள்.

நிலத்தை உழுவதில்லை. மண்வெட்டியால் மண்ணைக் கூட்டி ஓரடி உயர மேடுகள் அமைப்பார்கள். மேட்டுக்கு மேடு ஏறக்குறைய ஒரு மீட்டர் அல்லது கொஞ்சம் கூடுதல் இடைவெளி. உச்சியில் நாலைந்து சோள விதைகள். அவை முளைத்து ஒரு சாண் உயரம் வந்த பிறகு பக்கத்தில் பீன்ஸ், பூசணி. பீன்ஸ் கொடிக்குத் தனியாகக் கொம்பு நட வேண்டாம், சோளத்தட்டையே கொம்பு. பூசணி இலைகள் தரையை மூடிவிடும். களை எழாது, ஈரமும் சீக்கிரம் காயாது. பூசணித் தண்டின் சுணை சின்ன விலங்குகளுக்குப் பிடிக்காது என்றும் சொல்வார்கள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். 'பீன்ஸ் வேர் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் சோளத்துக்குக் கொடுக்கிறது' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். வேர்முடிச்சில் உள்ள பாக்டீரியா நைட்ரஜனை நிலைநிறுத்துவது உண்மை. ஆனால் அதில் பெரும்பகுதி அந்தப் பருவத்தில் பீன்ஸுக்கே போகிறது. கொடி மட்கிய பிறகுதான் மண்ணுக்கு வந்து அடுத்த பயிருக்குக் கிடைக்கும். அக்கா தங்கைக்கு உடனே ஊட்டிவிடுவதில்லை, அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்கிறாள்.

விளைச்சலைப் பற்றிச் சந்தேகம் இருந்தால்: கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜேன் மவுண்ட் பிளசன்ட் என்ற மண்பயிர் அறிவியலாளர், அவரும் டஸ்கரோரா வழிவந்தவர், இந்த முறையில் பயிரிட்டே அளந்து பார்த்தார். ஒரு ஹெக்டேர் மூன்று சகோதரிகள் நிலம் ஆண்டுக்குச் சுமார் 13 பேருக்கு வேண்டிய ஆற்றலைத் தரும் என்பது அவர் கணக்கு. மூன்றையும் அதே அளவு நிலத்தில் தனித்தனியாகப் போட்டால் ஆற்றலும் புரதமும் குறைவாகவே கிடைக்கும். கலப்பை படாத மண்ணில் மட்கு அழியாமல் இருந்ததுதான் இதற்குப் பெரிய காரணம் என்கிறார். கலப்பை இல்லாததைப் பின்தங்கிய நிலை என்று எழுதிய பழைய ஆட்கள் இதைக் கவனிக்கவில்லை.

இது ஆதிகாலம் தொட்டு வரும் முறையா?

மூன்றும் ஒரே நாளில் வந்து சேரவில்லை. பூசணி வெகு காலமாக இருந்தது. மக்காச்சோளம் மெக்சிகோவில் பிறந்து, தலைமுறை தலைமுறையாக வடக்கே நகர்ந்து, குளிருக்குப் பழகி வந்தது. நியூயார்க் பகுதியில் பீன்ஸுக்குக் கிடைத்திருக்கும் உறுதியான தொல்லியல் காலம் 1300 வாக்கில்தான் தொடங்குகிறது. ஆக மூவரும் ஒரே மேட்டில் கூடி எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன.

ஆனால் அவர்களின் கதையில் மூன்றும் ஒன்றாகவே பிறக்கின்றன. வானுலகிலிருந்து விழுந்த பெண்ணை நீர்ப்பறவைகள் தாங்கி ஆமையின் முதுகில் இறக்கின. அங்கே பரப்பிய சேறு வளர்ந்து பூமியானது. அவளுடைய மகள் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றபோது இறந்துபோனாள். அவளைப் புதைத்த இடத்திலிருந்து சோளமும் பீன்ஸும் பூசணியும் முளைத்தன. இந்தக் கதை ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும்.

நீங்கள் சொல்லும் சோளம் நம் ஊர்ச் சோளமா?

இல்லை. இந்தப் பக்கத்தில் 'சோளம்' என்று சுருக்கமாக எழுதும் இடத்திலெல்லாம் மக்காச்சோளம் என்றே கொள்ளுங்கள். நம் சோளம் ஆப்பிரிக்க வழி வந்த வேறு தானியம். பீன்ஸும் நாட்டு அவரை அல்ல, ராஜ்மா இனம். பூசணி என்பது பரங்கிக்காய் வகை. பரங்கியர் கொண்டுவந்தது என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம், அதன் தாய்வீடு அமெரிக்கக் கண்டம்.

இவர்களின் முக்கிய ரகம் வெள்ளை மக்காச்சோளம். கதிரில் எட்டு வரிசை மணிகள், பருத்த வெள்ளை மணிகள். தியேட்டரில் விற்கும் இனிப்புச் சோளத்தோடு இதை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது மாவுக்கும் சூப்புக்கும் ரொட்டிக்கும் உரிய தானியம்.

எப்போது விதைப்பார்கள்?

காலண்டர் பார்த்து அல்ல, மரம் பார்த்து. ஓக் மரத்தின் தளிர் அணில் காதளவு விரிந்தால் விதைக்கலாம் என்பது ஒரு கணக்கு. அந்த வடக்குக் குளிரில் பனி விழாத நாட்கள் குறைவு. முந்தினால் முளை கருகும், பிந்தினால் கதிர் முற்றாது. மண்ணின் சூட்டை மரம் சரியாகச் சொல்லிவிடும்.

விதையை அப்படியே போடுவதில்லை, சில மூலிகைகள் ஊறிய நீரில் நனைத்துத்தான் போடுவார்கள். 1910இல் செனிகா வழிவந்த தொல்லியலாளர் ஆர்தர் பார்க்கர் இதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த விதையைக் கிளறித் தின்னும் காக்கைக்குத் தலை சுற்றும். அது கிறுகிறுத்துச் சிறகடித்துத் தடுமாறுவதைப் பார்த்து மற்ற காக்கைகள் பயந்து ஓடிவிடும். ஒரே ஒரு காக்கை போதும், ஊர்க் காக்கைக்கெல்லாம் செய்தி போய்விடும். கதிர் முற்றும் காலத்தில் வயலில் பரண் கட்டிப் பெண்களும் பிள்ளைகளும் பறவை விரட்டுவதும் உண்டு. தினைப்புனம் காத்த கதைகள் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி புதிதல்ல.

வயலில் யார் வேலை செய்வது? நிலம் யாருடையது?

இரண்டுக்கும் பதில் பெண்கள். மரத்தின் பட்டையை வளையமாக வெட்டிக் காயவிட்டு, எரித்து, காட்டைத் திருத்திக் கொடுப்பதோடு ஆண்களின் வேலை ஏறக்குறைய முடிந்தது. விதைப்பு, களை, அறுவடை, சேமிப்பு, சமையல் எல்லாம் பெண்கள் கையில். இதைப் பார்த்த ஐரோப்பியர் பலர் 'ஆண்கள் சோம்பேறிகள், பெண்கள் அடிமைகள்' என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் பார்க்கத் தவறியது இதுதான்: வயல் பெண்களுடையது, வீடு பெண்களுடையது, களஞ்சியம் பெண்களுடையது. குலம் தாய்வழி. கல்யாணம் ஆனால் ஆண் மனைவியின் நீளவீட்டுக்குப் போவான். தலைவர்களைத் தேர்ந்தெடுப்பவர் குலத்தாய், சரியில்லை என்றால் பதவியைப் பறிப்பவரும் அவரே. போருக்குப் போகிறவனுக்கு வழிச்சாப்பாடு வறுத்து இடித்த சோளமாவு. அதைக் கொடுப்பதும் மறுப்பதும் பெண்கள் விருப்பம். மாவு கட்டித் தர முடியாது என்றால் அந்தப் போர் கிளம்புவது கஷ்டம்.

உள்ளே இருந்து பார்த்தவர் ஒருவரின் சாட்சியம் இருக்கிறது. மேரி ஜெமிசன் என்ற வெள்ளைக்காரப் பெண். 1750களில் சிறுமியாகப் போரில் பிடிபட்டு, செனிகா குடும்பம் ஒன்றில் மகளாக ஏற்கப்பட்டு, வாழ்நாள் முழுக்க அங்கேயே தங்கிவிட்டவர். முதுமையில் அவர் சொல்லி 1824இல் அச்சான தன்வரலாற்றில், தங்கள் வேலை வெள்ளைக்காரப் பெண்களின் வேலையைவிடக் கடினமானதல்ல என்கிறார். கூட்டமாக வயலுக்குப் போவோம், பிள்ளைகளும் கூட வரும், மேற்பார்வை பார்க்க ஒரு எஜமான் கிடையாது, அதனால் விருப்பப்படி நிதானமாகச் செய்வோம் என்பது அவர் சொன்னதன் சாரம். இந்தக் 'கூட்டமாக' என்பதுதான் முக்கியம். பெண்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவியாக வைத்துக்கொண்டு வயல் வயலாக முடித்துக்கொண்டே போவார்கள்.

மக்காச்சோளத்தைச் சாம்பலில் வேகவைப்பார்களாமே? எதற்கு?

கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனால் இவர்களின் சமையலில் இதைவிட நுட்பமான விஷயம் இல்லை.

உலர்ந்த சோளத்தின் தோல் தடித்தது; வெறும் தண்ணீரில் எத்தனை நேரம் வெந்தாலும் சக்கையாகவே நிற்கும். கெட்டி மரம் எரித்த சாம்பலைச் சலித்து, தண்ணீரில் கலந்து, அதில் சோளத்தைக் கொதிக்க விட்டால் தோல் வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். பிறகு அதற்கென்றே முடைந்த கூடையில் கொட்டி, ஓடும் நீரில் அமிழ்த்தித் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார்கள். தோலும் சாம்பலும் கூடையின் கண் வழியே போய்விடும், வெள்ளை வெளேரென்று மணி நிற்கும்.

தோல் நீங்குவது கண்ணுக்குத் தெரியும் லாபம். தெரியாத லாபம் ஒன்று உண்டு. மக்காச்சோளத்தில் உள்ள நியாசின் என்ற வைட்டமின் நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சாம்பல் நீர் போலக் காரத்தன்மையுள்ள (அல்கலி) நீரில் வேகும்போதுதான் அந்தக் கட்டு அவிழும். ஐரோப்பியர் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், சாம்பலை விட்டுவிட்டார்கள். அதன் விளைவாக வட இத்தாலியில் சோளக்கூழையே நம்பி வாழ்ந்த ஏழைகளைப் பெலக்ரா என்ற நோய் பிடித்தது: தோல் வெடிப்பு, வயிற்றுப்போக்கு, புத்தித் தடுமாற்றம், கடைசியில் சாவு. இரோக்வா பாட்டிகளுக்கு நியாசின் என்ற பெயர் தெரியாது. கூடையை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போகத் தெரியும்.

இதோடு சேர்ந்த ஒரு கதையை ஒனைடா மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1778இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, ஜார்ஜ் வாஷிங்டனின் படை வேலி ஃபோர்ஜ் பாசறையில் பட்டினி கிடந்தபோது, அமெரிக்கர் பக்கம் நின்ற ஒனைடாக்கள் வெள்ளைச் சோளம் சுமந்துகொண்டு போனார்கள். பசி பொறுக்காத சிப்பாய்கள் அப்படியே தின்னப் பார்த்தார்களாம். போலி கூப்பர் என்ற ஒனைடாப் பெண் தடுத்து, எப்படிச் சமைப்பது என்று சொல்லிக்கொடுத்து, அங்கேயே தங்கிச் சமைத்தும் போட்டார்.

சரி, அன்றாடம் என்ன சாப்பிட்டார்கள்?

சூப்பும் கூழும் ரொட்டியும். தோல் நீக்கிய சோளம், பீன்ஸ், கிடைத்த இறைச்சி எல்லாம் ஒரே பானையில் வேகும் சூப்தான் அடிப்படைச் சாப்பாடு. முன்பு மான் அல்லது கரடி இறைச்சி போட்டார்கள், இப்போது உப்பிட்ட பன்றி இறைச்சி போடுகிறார்கள்.

ரொட்டி என்றால் சுட்டது அல்ல. தோல் நீக்கிய சோளத்தை மர உரலில் இடித்துச் சலித்து, வெந்த பீன்ஸ் சேர்த்து, கொதிநீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையைவிடப் பெரிய தட்டையான வட்டமாகத் தட்டி, கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்குவார்கள். வெந்ததும் மேலே மிதக்கும். ரொட்டி வெந்த தண்ணீரையும் கொட்டுவதில்லை, அதைக் குடிப்பார்கள். பார்க்கப்போனால் இது ரொட்டி குடும்பத்தைவிடக் கொழுக்கட்டை குடும்பத்துக்கு நெருக்கம்.

உரல் மரத்துண்டைத் தீயால் குடைந்தது. உலக்கையின் இரண்டு முனையும் பருத்திருக்கும், நடுவில் பிடி. இரண்டு மூன்று பெண்கள் மாற்றி மாற்றி இடிக்கும் சத்தம்தான் ஊரில் காலை விடிந்ததற்கு அடையாளம்.

நேரம் பார்த்துச் சாப்பிடுவது ஒருவேளைதான், முற்பகலில். மற்றபடி பானை அடுப்பிலேயே இருக்கும், பசித்தவர் எடுத்துக்கொள்ளலாம். விருந்தாளி எந்த நேரத்தில் நுழைந்தாலும் முதலில் சாப்பாடு, பிறகே பேச்சு. ஒவ்வொருவருக்கும் சொந்தமாக மரக்கிண்ணமும் செதுக்கிய கரண்டியும் இருக்கும். பொது விருந்துக்கு அதைக் கையோடு கொண்டுபோவார்கள்.

உப்பு, காரம்?

உப்பு அபூர்வம். 1654இல் சைமன் லெ மோய்ன் என்ற ஜெசுயிட் பாதிரியார் ஒனொண்டாகா ஏரிக்கரைக்குப் போனபோது, அங்கிருந்த உப்பு ஊற்றில் கெட்ட ஆவி இருக்கிறது என்று சொல்லி மக்கள் குடிக்காமல் விலகியிருந்தார்கள். அவர் அந்தத் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்து உப்பு எடுத்தார். பின்னாளில் வெள்ளையர் கையில் அந்த இடம் பெரிய உப்புத் தொழிலாக வளர்ந்தது. இவர்களின் சாப்பாட்டுக்குச் சுவை கூட்டியவை கரடி நெய், சூரியகாந்தி எண்ணெய், இடித்த கொட்டைகளின் பால், மேப்பிள் சர்க்கரை. மிளகாய் அவ்வளவு வடக்கே வரவில்லை.

வேட்டை எப்படி நடந்தது?

முதலிடம் மானுக்கு, வெள்ளைவால் மான். அதன் இறைச்சியைவிடத் தோல் முக்கியம் என்றுகூடச் சொல்லலாம், உடுப்பும் செருப்பும் அதிலிருந்துதான். தனி ஆளாக வில்லோடு போவதும் உண்டு, கண்ணி வைப்பதும் உண்டு, ஆழ்ந்த பனியில் மான் கால் புதைந்து திணறும்போது பனிக்காலணி கட்டிக்கொண்டு துரத்துவதும் உண்டு. பறவைகளையும் அணில்களையும் வீழ்த்தப் பையன்களிடம் ஊதுகுழல் இருந்தது.

பெரிய அளவில் செய்தது கூட்டு வேட்டை. மரக்கழிகளால் இருபுறமும் நீண்ட வேலி போடுவார்கள். அகன்ற வாயில் தொடங்கி உள்ளே போகப் போகக் குறுகும். ஆட்கள் வரிசையாகச் சத்தம் எழுப்பி மான்களை அந்த வாய்க்குள் ஓட்டுவார்கள். 1615இல் பிரெஞ்சுப் பயணி சாம்ப்லேன் இப்படி ஒரு வேட்டையை வெண்டாட் மக்களோடு இருந்து பார்த்தார். 38 நாளில் 120 மான் என்று எழுதியிருக்கிறார். வெண்டாட்கள் இரோக்வா மொழிக் குடும்பத்தார், ஆனால் அப்போது இவர்களுக்கு எதிரிகள். வேட்டை முறை மட்டும் இருவருக்கும் பொது.

காலம் அறுவடைக்குப் பிறகு. சோளத்தை வீட்டில் சேர்த்துவிட்டு, குடும்பம் குடும்பமாகக் காட்டு முகாம்களுக்குப் போவார்கள். நடுக்குளிர்காலத் திருவிழாவுக்கு ஊர் திரும்பிவிட வேண்டும். அதன் நாளைச் சொல்வது கார்த்திகை மீன்கூட்டம்: அந்தி நேரத்தில் அது நேர் உச்சிக்கு வந்த பிறகு பிறக்கும் அமாவாசையை வைத்துக் கணக்கு.

கரடியை அதன் கொழுப்புக்காகத் தேடினார்கள். உருக்கி வைத்தால் வருஷம் முழுக்கச் சமையலுக்கும் உடம்பில் பூசவும் ஆகும்.

வேட்டைக்காட்டைப் பங்கிட 'ஒரே கிண்ணம், ஒரே கரண்டி' என்று ஓர் ஒப்பந்தம் பேசுவார்கள். காடு ஒரு கிண்ணம், அதில் எல்லோருக்கும் பொதுவாக பீவர் (மரத்தைக் கடித்து ஆற்றில் அணை கட்டும் விலங்கு) வால் குழம்பு. எல்லோரும் ஒரே கரண்டியால் எடுத்துக்கொள்ளலாம், வழித்துவிடக் கூடாது. பக்கத்தில் கத்தி இருக்கக் கூடாது, தவறிக்கூட ரத்தம் சிந்தக் கூடாது என்பதற்காக. இது சொல்லில் அழகு, நடப்பில் எப்போதும் நின்றதில்லை. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தைக்கு பீவர் தோல் விற்கத் தொடங்கியதும், சொந்தக் காட்டில் பீவர் தீர்ந்ததும், அண்டை மக்களோடு நீண்ட கொடிய போர்கள் மூண்டன.

புறா வேட்டை என்று ஒன்று சொல்வார்களே?

பயணிப் புறா. வசந்தத்தில் பீச் மரக்காடுகளில் லட்சக்கணக்கில் கூடு கட்டும். செனிகாக்கள் ஊரோடு கிளம்பிப் போய் அங்கேயே தங்குவார்கள். எடுப்பது பறக்கத் தொடங்காத கொழுத்த குஞ்சுகளை. முட்டையிடும் தாய்ப் பறவைகளைத் தொடக் கூடாது என்பது கட்டுப்பாடு. பிறகு ரயிலும் தந்தியும் வந்து, கூடு கட்டிய இடம் தெரிந்த மறுநாளே வணிக வேட்டைக்காரர்கள் குவிந்தார்கள். கடைசிப் பறவை 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் செத்தது. புறா நடனம் மட்டும் இன்னும் ஆடுகிறார்கள்.

மீன்?

நிறைய. ஏரிகளிலும் ஆறுகளிலும் விலாங்கு, சால்மன், இன்னும் பல. காட்டு நாரில் பின்னிய வலை, ஆற்றின் குறுக்கே கல்லும் கழியும் வைத்து அமைத்த தடுப்பு, இரவில் பந்த வெளிச்சத்தில் ஈட்டி. ஒன்டாரியோ ஏரியின் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அணைகளாலும் அளவுமீறிய மீன்பிடிப்பாலும் அற்றுப்போனது.

இனிப்புக்கு என்ன செய்தார்கள்?

குளிர் விடும் நேரத்தில், இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில், மேப்பிள் மரத்தில் கீறல் போட்டுச் சாறு எடுப்பார்கள். ஏறக்குறைய 40 பங்கு சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு பங்கு பாகு. உலோகக் கொப்பரைகள் வருமுன் எந்த அளவுக்குச் சர்க்கரை காய்ச்சினார்கள் என்று ஆய்வாளர்கள் இன்னமும் வாதம் செய்கிறார்கள். வறுத்த சோளமாவில் இந்தச் சர்க்கரை கலந்து ஒரு சின்னப் பையில் போட்டால் வேடனுக்குப் பல நாள் சாப்பாடு. ஒரு பிடி மாவு, கொஞ்சம் தண்ணீர், போதும். வயிற்றுக்குள் போய் ஊதும் என்பதால் அதிகம் தின்னக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு.

ஜூனில் காட்டு ஸ்ட்ராபெரி. ஆண்டின் முதல் கனி என்பதால் அதற்கென்றே ஒரு திருவிழா, நீரில் மசித்த ஸ்ட்ராபெரி பானம். இறந்தவர் வானுலகம் போகும் பாதையோரம் ஸ்ட்ராபெரி விளைந்திருக்கும் என்பது நம்பிக்கை.

குளிர்காலம் முழுக்க எப்படிச் சேமித்தார்கள்?

கதிரின் மட்டைகளை ஒன்றோடொன்று பின்னி, சடை சடையாக நீளவீட்டின் உத்தரங்களில் தொங்கவிடுவார்கள். கீழே அடுப்புப் புகை போய்க்கொண்டே இருப்பதால் பூச்சி அண்டாது. மிச்சம் மண்ணுக்கடியில் மரப்பட்டை பாவிய குழிகளில். பூசணியை வளையமாக அரிந்து உலர்த்துவார்கள். ஒரு நீளவீட்டில் நடுவே வரிசையாக அடுப்புகள், ஒவ்வோர் அடுப்புக்கும் எதிரெதிரே இரண்டு குடும்பம். தலைக்கு மேலே தொங்கும் சடைகளின் எண்ணிக்கைதான் அந்த வீட்டின் வசதி.

10, 20 வருஷத்துக்கு ஒருமுறை ஊரே இடம் மாறும். மண் களைத்துப்போவது ஒரு காரணம், பக்கத்தில் விறகு தீர்ந்துபோவது இன்னொன்று.

வயல்களை எரித்த கதை என்ன?

பல தடவை எரித்தார்கள். இங்கே இரண்டைச் சொல்கிறேன், ஏறக்குறைய நூறு வருஷ இடைவெளியில் நடந்தவை.

1687இல் நியூ பிரான்சின் (கனடாவில் இருந்த பிரெஞ்சுக் குடியேற்றம்) ஆளுநர் டெனோன்வில் செனிகா நாட்டுக்குள் படையோடு வந்தார். மக்கள் காட்டுக்குள் விலகிவிட்டார்கள். படை நாட்கணக்கில் தங்கிச் சோளத்தை வெட்டியது, எரித்தது. அழித்தது 4 லட்சம் மினோ என்று அவரே எழுதினார். மினோ என்பது சுமார் 39 லிட்டர் பிடிக்கும் பிரெஞ்சு அளவு. தன் வீரத்தைத் தானே எழுதும் ஆளுநரின் கணக்கு என்பதால் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் மலைக்க வைக்கும் விளைச்சல்தான்.

இன்னொன்று 1779. அமெரிக்க விடுதலைப் போரில் இரோக்வாக்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ் பக்கம்; ஒனைடாக்களும் டஸ்கரோராக்களும் பெரும்பாலும் அமெரிக்கர் பக்கம். அந்த ஆண்டு மே 31 அன்று வாஷிங்டன், ஜெனரல் சல்லிவனுக்கு எழுதிய உத்தரவில் நோக்கம் வெளிப்படையாக இருக்கிறது: ஊர்களை முற்றாக அழிக்க வேண்டும், நிலத்தில் நிற்கும் பயிரைப் பாழாக்கி, மறுபடி விதைக்கவும் விடக் கூடாது. வேலி ஃபோர்ஜில் ஒனைடா சோளம் தின்ற படைக்கு ஒரே வருஷத்தில் இந்த வேலை.

சல்லிவன் ஆகஸ்ட், செப்டம்பரில் உள்ளே வந்தார். கதிர் முற்றும் நேரம், திரும்ப விதைக்க நாளில்லை. 40 ஊர்களை எரித்ததாகவும், 1,60,000 புஷல் சோளத்தை அழித்ததாகவும் அறிக்கை கொடுத்தார். ஒரு புஷல் சோளம் சுமார் 25 கிலோ, கூட்டிப் பார்த்தால் 4,000 டன். பீச், ஆப்பிள் தோப்புகளையும் வெட்டினார்கள். ஐரோப்பியரிடமிருந்து கன்று வாங்கி இரண்டு மூன்று தலைமுறையாக வளர்த்த தோப்புகள் அவை.

ஆயிரக்கணக்கானோர் நயாகரா கோட்டைக்கு ஓடிப் பிரிட்டிஷ் ரேஷனை நம்பிக் கிடந்தார்கள். அந்தக் குளிர்காலம் கடுமையிலும் கடுமை. பனி ஐந்தடி ஆழம், காட்டில் மான்களும் செத்தன என்கிறார் மேரி ஜெமிசன். ஊர் திரும்பிப் பார்த்தபோது ஒரு குழந்தைக்கு ஒரு நாள் கொடுக்கக்கூட வாய்க்கு ஒன்றுமில்லை. அவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் கார்டோ என்ற இடத்துக்குப் போனார். அங்கே அடிமைத்தனத்திலிருந்து தப்பிவந்த இரண்டு கறுப்பர்கள் சோளம் விளைத்து வைத்திருந்தார்கள். பத்துச் சடைக்கு ஒரு சடை கூலி என்று பேசி, அவர்களுக்குச் சோளம் உரித்துக் கொடுத்து, 100 சடை சம்பாதித்தார். இவரைச் செவ்விந்தியர்கள் தாக்கிவிடுவார்களோ என்று பயந்து, அவர்களில் ஒருவர் உரித்து முடியும்வரை துப்பாக்கியோடு காவல் நின்றாராம். வாழ்நாளில் பாதிக்கு மேல் செனிகாவாக வாழ்ந்த அவருக்கு அது சிரிப்பை வரவழைத்திருக்கிறது.

வாஷிங்டனை அந்த மக்கள் அழைத்த பெயருக்கு 'ஊர்களை அழிப்பவர்' என்று பொருள். அமெரிக்க ஜனாதிபதிகள் எல்லோருக்கும் அதே பெயரைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள்.

பிறகு கலப்பை எப்படி வந்தது?

நிலம் சுருங்கி, வேட்டைக்காடு போன பிறகு. 1798இல் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அலெகனி ஆற்றங்கரைச் செனிகாக்களிடம் வந்து ஆண்களை ஏர் பிடிக்கச் சொன்னார்கள். வயல் பெண்கள் வேலை, ஆண் மண்வெட்டி பிடித்தால் கேலி. செனிகாக்கள் உடனே ஒப்புக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை: ஒரு வயலில் பாதியை உழுதும் பாதியைப் பழைய முறையிலும் விதைத்து, அறுவடையில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே கலப்பையை ஏற்றார்கள்.

இன்றைக்கு இதெல்லாம் மிச்சமிருக்கிறதா?

இருக்கிறது, காயங்களோடு. 1965இல் முடிந்த கின்சுவா அணை செனிகாக்களின் சுமார் 10,000 ஏக்கரை நீருக்குள் கொண்டுபோனது. அதில் நல்ல ஆற்றங்கரை வயல்களும் இருந்தன. செயின்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் உள்ள அக்வெசாஸ்னே மோஹாக் ஊரில், மேலே இருந்த ஆலைகளின் பிசிபி என்ற வேதி நச்சு ஆற்றில் கலந்து, கருவுற்ற பெண்கள் மீன் தின்ன வேண்டாம் என்று சொல்லும் நிலை வந்தது. மீன்பிடி நின்றால் வலைமுடிச்சுகளின் பெயர்களும் பேச்சிலிருந்து போய்விடும் என்று அங்குள்ள பெரியவர்கள் வருந்துகிறார்கள்.

இன்னொரு பக்கம், 1687இல் எரிந்த ஊர்களில் ஒன்றான கனொண்டகனில் இப்போது வெள்ளைச் சோளத்தை உலர்த்தி, தோல் நீக்கி, மாவாக்கி விற்கிறார்கள். செனிகா அறிஞர் ஜான் மோஹாக்கும் அவர் துணைவியார் இவான் டியான் பஃபலோவும் 1990களில் தொடங்கிய முயற்சியின் தொடர்ச்சி அது. பச்சைச்சோளத் திருவிழா ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ இன்றும் நடக்கிறது. சோள சூப் விற்று நிதி திரட்டாத ஊர்க்கூட்டம் அங்கே குறைவு.

வீட்டில் செய்து பார்க்க முடியுமா?

பயிர் என்றால்: உயரமாக, தடித்த தட்டையோடு வளரும் மக்காச்சோள ரகம் வேண்டும். இனிப்புச் சோளத் தட்டை பீன்ஸ் பாரத்தில் சாய்ந்துவிடும். கொடி பீன்ஸ் வாங்குங்கள், செடி பீன்ஸ் ஏறாது. மூன்றையும் ஒரே நாளில் விதைப்பதுதான் பலர் செய்யும் தவறு. சோளம் ஒரு சாண் வந்த பிறகு பீன்ஸ், அதற்கும் ஒரு வாரம் கழித்துப் பரங்கி. ஒற்றை வரிசையாகப் போட்டால் மகரந்தம் சரியாகச் சேராமல் கதிர் பல்லுதிர்ந்து வரும். நாலுக்கு நாலு மேடாவது வேண்டும்.

சூப் என்றால்: நாட்டு மக்காச்சோள உலர்மணியும் ராஜ்மாவும் போதும். சாம்பலுக்குப் பதிலாக வெற்றிலைச் சுண்ணாம்பு வேலை செய்யும், மெக்சிகோவில் சுண்ணாம்புதான் போடுகிறார்கள். ஒரு கிலோ சோளத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கணக்கில் கரைத்துக் கொதிக்கவிட்டு, தோல் வழுக்கியதும் இறக்கி, கைவிரல்களால் தேய்த்து நாலைந்து தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, கறுத்துவிடும். அப்புறம் புதுத் தண்ணீரில் மணி வெடித்து மலரும்வரை வேக வேண்டும். பிரஷர் குக்கர் இருந்தால் முக்கால் மணி நேரம், இல்லையென்றால் அரை நாள்.